இருபடி மூவுறுப்புக் கோவையில் விடுபட்ட உறுப்பு: காரணிப்படுத்தல் வழிக் காண்டலும் விடைகளின் எண்ணிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

இருபடி மூவுறுப்புக் கோவை ஒன்றின் உறுப்புகளுள் ஒன்றை மறைத்து, அக்கோவை காரணிப்படும் என்னும் குறிப்பை மட்டும் தந்து, மறைந்த உறுப்பைக் காணுமாறு கேட்பது பள்ளி இயற்கணிதத்தில் நெடுநாளாக வழங்கும் பயிற்சி. எளியதாகத் தோன்றும் இப்பயிற்சியில் எந்த உறுப்பு மறைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து விடைகளின் எண்ணிக்கை ஒன்றாகவோ, சிலவாகவோ, முடிவிலியாகவோ அமைகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவதும், உறுப்பு அன்றிக் குறி மட்டும் மறைக்கப்படும்போது எழும் சிக்கல் செங்கோண முக்கோணங்களோடு கொண்டுள்ள உறவைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிச்சொற்கள்: இருபடிக் கோவை, காரணிப்படுத்தல், கெழு, மாறிலி, தன்மைக்காட்டி, செங்கோண முக்கோணம்.

முன்னுரை

ய² + □ய + 12 என்னும் கோவை காரணிப்படுமாயின் கட்டத்தில் வரவேண்டிய எண் யாது? இவ்வினாவுக்கு 7 என்று விடைக்குறிப்பு தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 12ஐ 3 × 4 எனப் பகுத்து, 3 + 4 = 7 எனக் கூட்டி எழுதும் மாணவர் மதிப்பெண் பெறுவார். 2 × 6 எனப் பகுத்து 8 என எழுதுபவரும் அதே அறிவைத்தான் பயன்படுத்துகிறார். ஆயினும் அவர் விடை தவறெனக் கோடிடப்படலாம். மாணவர் பிழை செய்யவில்லை; வினாவே நிறைவு பெறாதிருக்கிறது. காரணிப்படுத்தலை இயந்திரமயமான பகுப்பாக மட்டும் கற்பிக்கும்போது இக்குறை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மறைந்த உறுப்பைத் தேடும் வினாவில்தான் அது வெளிப்படுகிறது. எனவே இவ்வினா வகை ஒரு கணக்குப் பயிற்சி என்பதைவிட, எது தரவு, எது நிபந்தனை என்று பிரித்தறியும் பயிற்சி எனக் கொள்வதே பொருத்தம்.

இக்கட்டுரையில் மாறியை ‘ய’ எனக் குறிக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் அறியாக் கணியத்தை ‘யாவத்தாவத்’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘யா’ என்பதால் குறித்தார் என்பதை நோக்க, இக்குறியீடு முற்றிலும் புதியதன்று. பொதுக் கோவையை கய² + சய + த என எழுதுவோம். க, ச என்பன கெழுக்கள். த என்பது மாறிலி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கெழு என்று வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் குணகம் என வழங்கும். ஈண்டுக் கெழு என்னும் சொல்லே ஆளப்படுகிறது. வேறாகக் கூறாவிடத்துக் காரணிகளின் கெழுக்களும் மாறிலிகளும் முழு எண்கள் எனக் கொள்க.

கூட்டலும் பெருக்கலும்

இரண்டு ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கினால்,

(ய + ப)(ய + ம) = ய² + (ப + ம)ய + பம

என வரும். நடு உறுப்பின் கெழு இரண்டு எண்களின் கூடுதல். மாறிலி அவற்றின் பெருக்குத்தொகை. காரணிப்படுத்தல் என்பது, கூடுதலும் பெருக்குத்தொகையும் தெரிந்த நிலையில் அவ்விரு எண்களைக் கண்டறிதலேயாகும்.

இச்சிக்கல் மிகப் பழையது. பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் 6967 என்னும் எண் கொண்டது) இரண்டு எண்களின் பெருக்குத்தொகை 60, வேறுபாடு 7 எனத் தரப்பட்டு அவ்வெண்கள் கேட்கப்படுகின்றன. அங்குக் காட்டப்படும் வழி, காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடும் வழியன்று. 7இன் பாதி 3.5, அதன் வர்க்கம் 12.25, அதனுடன் 60ஐக் கூட்ட 72.25, அதன் வர்க்கமூலம் 8.5, அதனுடன் 3.5ஐக் கூட்ட 12, கழிக்க 5. நம் குறியீட்டில் இது ய² + 7ய − 60 = (ய + 12)(ய − 5) என்பதாகும்.

மாறிலி பெரிதாக இருக்கும்போது இவ்வழியின் பயன் தெளிவாகும். ய² + 47ய + 546 என்பதைக் காரணிப்படுத்த 546இன் காரணிச் சோடிகளையெல்லாம் எழுத வேண்டியதில்லை. இரு எண்களின் சராசரி 23.5. ஆகவே அவை 23.5 + வ, 23.5 − வ என அமையும். பெருக்குத்தொகை 552.25 − வ² = 546; எனவே வ² = 6.25, வ = 2.5. எண்கள் 26, 21. முயன்று தவறிக் கற்றல் ஒன்றே காரணிப்படுத்தும் வழி என்னும் எண்ணம் மாணவரிடம் வேரூன்றுவதற்குமுன் இவ்வழியை அறிமுகப்படுத்துதல் நலம்.

நடு உறுப்பு மறையும்போது

முன்னுரையில் கண்ட ய² + □ய + 12 என்பதற்குத் திரும்புவோம். பெருக்குத்தொகை 12 ஆகும் முழு எண் சோடிகள்: 1, 12, 2, 6, 3, 4, இவற்றோடு இரண்டும் குறை எண்களாகிய −1, −12, −2, −6, −3, −4. எனவே கட்டத்தில் 13, 8, 7, −7, −8, −13 ஆகிய ஆறு எண்களுள் எதுவும் வரலாம். வேறெதுவும் வாராது. கூடுதலும் பெருக்குத்தொகையும் சேர்ந்து ஒரு சோடியைத் தனித்து உறுதிசெய்வதால், வெவ்வேறு சோடிகள் ஒரே கூடுதலைத் தருவதும் இல்லை.

இந்த ஆறு என்னும் எண்ணிக்கை தற்செயலன்று. 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள்ளன. மாறிலி மிகை எண்ணாகவும் வர்க்க எண் அல்லாததாகவும் இருந்தால், விடைகளின் எண்ணிக்கை அதன் வகுத்திகளின் எண்ணிக்கைக்குச் சமமாகும். வர்க்க எண்ணாயின் ஒன்று மிகும்: 16க்கு வகுத்திகள் ஐந்து, ய² + □ய + 16 என்பதற்கு விடைகள் 17, 10, 8, −8, −10, −17 என ஆறு. 4, 4 என்னும் சோடி தன்னோடு தானே இணைந்தாலும் அதன் குறை வடிவம் தனி விடை தருவதே இதற்குக் காரணம்.

மாறிலி குறை எண்ணாயின் நிலை சற்று மாறும். ய² + □ய − 16 என்பதற்கு 15, 6, 0, −6, −15 என ஐந்து விடைகள். இவற்றுள் 0 என்பது ஓர் இடர்ப்பாட்டைத் தோற்றுவிக்கிறது. அதைக் கட்டத்தில் இட்டால் கோவை ய² − 16 ஆகி, மூவுறுப்புக் கோவை என்னும் பெயரையே இழந்துவிடும். இவ்விடையை ஏற்பதா விடுவதா என்பது கணிதத்தால் முடிவு செய்யப்படுவதன்று. வினாவின் சொற்களால் முடிவு செய்யப்படுவது. ‘மூவுறுப்புக் கோவை’ என வினாவில் இருந்தால் 0 நீங்கும். ‘கோவை’ என்று மட்டும் இருந்தால் நிற்கும்.

மாறிலி மறையும்போது

ய² + 5ய + □ என்னும் வினா மேற்கண்டதைப் போன்றே தோன்றும். ஆனால் இங்குக் கூடுதல் மட்டுமே கட்டுப்படுத்தப்படுகிறது. ப என எந்த முழு எண்ணை எடுத்தாலும் மற்றது 5 − ப ஆகும். எனவே ப(5 − ப) என்னும் எண்கள் எல்லாம் விடைகளே: 6, 4, 0, −6, −14, −24, −36 என அவை முடிவின்றிச் செல்லும். பெருக்குத்தொகையைக் கட்டினால் வகுத்திகள் எண்ணிக்கையில் அடங்கும். கூடுதலைக் கட்டினால் எதுவும் அடங்காது, ஓர் எண் எவ்வளவு பெருகினாலும் மற்றது குறை எண்ணாகி ஈடுசெய்துவிடும். மாணவர் பலர் 6, 4 என்னும் இரண்டோடு நின்றுவிடுவர். அவர்கள் அறியாமலே ‘மாறிலி மிகை எண்’ என்னும் நிபந்தனையைத் தாமே சேர்த்துக்கொண்டனர் என்பதே அதன் பொருள். அந்நிபந்தனை வினாவில் இருந்திருந்தால் இரண்டே முழுமையான விடையாகும்.

தன்மைக்காட்டியின் வழியாகவும் இதனைக் காணலாம். 25 − 4த என்பது வர்க்க எண்ணாக வேண்டும். அது ஒற்றை எண்ணாதலால் 1, 9, 25, 49, 81, 121 என ஒற்றை எண்களின் வர்க்கமாகவே அமையும். அவற்றை முறையே இட, மேலே கண்ட வரிசையே கிடைக்கும். வரிசையில் மிகப் பெரியது 6 என்பதும் இதனால் விளங்கும்.

முடிவிலியான இவ்விடைகளுள் ஒன்றைத் தனித்துப் பெற ஒரு கூடுதல் நிபந்தனை வேண்டும். பாடநூல்கள் பெரிதும் கையாள்வது, கோவை முழு வர்க்கமாக வேண்டும் என்பது. ய² + 10ய + □ என்பது முழு வர்க்கமாயின் கட்டத்தில் 25 தவிர வேறு எண் வர இயலாது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிசுமி இதனை வரைபடமாகவே காட்டினார். ய² + 10ய = 39 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, ய பக்கமுள்ள சதுரத்தின் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டினால், ஒரு மூலை மட்டும் வெறுமையாக நிற்கும். அம்மூலை 5 × 5 = 25 பரப்புடைய சதுரம். அதை நிரப்பினால் முழுச் சதுரத்தின் பரப்பு 39 + 25 = 64; பக்கம் 8; எனவே ய = 3. விடுபட்ட உறுப்பு என்னும் சொல் இங்கு உவமையன்று. உருவத்தில் விடுபட்ட ஒரு மூலையை அது நேராகவே சுட்டுகிறது. ய² + 10ய − 39 = (ய + 13)(ய − 3) என இன்று நாம் எழுதும்போது தோன்றும் −13 என்னும் மூலத்தை அவர் கணக்கில் கொள்ளவில்லை; நீளத்துக்குக் குறை எண் பொருந்தாது.

முதற்கெழு 1 அல்லாதபோது

6ய² + □ய − 15 என்பதைக் கருதுவோம். (பய + ந)(மய + ர) எனப் பெருக்கினால் நடு உறுப்பின் கெழு பர + நம. இவ்விரு பகுதிகளையும் தம்முள் பெருக்கினால் ப × ர × ந × ம வரும். இதுவே முதற்கெழுவாகிய ப × ம என்பதையும் மாறிலியாகிய ந × ர என்பதையும் பெருக்கினாலும் வரும். ‘முதற்கெழுவையும் மாறிலியையும் பெருக்கி, அப்பெருக்குத்தொகையை நடுக்கெழு கூடுதலாக வருமாறு பிரி’ என்னும் விதியின் காரணம் இவ்வளவே. விதியைச் சொல்லிக் காரணத்தைச் சொல்லாது விடுவது பரவலாக உள்ளது. இரண்டு வரியில் முடியும் இக்காரணத்தை விடுவதற்கு நேரமின்மை ஒரு சமாதானமாகாது.

இங்கு 6 × (−15) = −90. அதற்குப் பெருக்குத்தொகையாகும் சோடிகளின் கூடுதல்கள் ±89, ±43, ±27, ±13, ±9, ±1 எனப் பன்னிரண்டு. 90க்குப் பன்னிரண்டு வகுத்திகள் இருப்பதோடு இது இயைகிறது. ஆனால் 2ய + 3 ஒரு காரணி என்னும் குறிப்பு சேருமாயின் பன்னிரண்டும் ஒன்றாகச் சுருங்கும். முதலுறுப்பு 6ய² ஆதலால் மற்றக் காரணியின் முதலுறுப்பு 3ய. மாறிலி −15 ஆதலால் அதன் மாறிலி −5. பெருக்கிப் பார்க்க, −10ய + 9ய = −ய. கட்டத்தில் −1 வரும். இதையே காரணித் தேற்றத்தாலும் சரிபார்க்கலாம்: ய = −3/2 என இட்டால் கோவை 0 ஆக வேண்டும்; 13.5 − 1.5□ − 15 = 0; □ = −1.

விதியை மறுதலையாகவும் நம்பலாமா? −90ஐ 9, −10 எனப் பிரித்தபின் காரணிகள் முழு எண் கெழுக்களுடன் கட்டாயம் கிடைக்குமா? கோவை முழுவதையும் 6ஆல் பெருக்கினால் (6ய)² − (6ய) − 90 ஆகும். 6யவை ஒரே மாறியாகக் கருத, (6ய + 9)(6ய − 10). முதற்காரணியிலிருந்து 3ஐயும் இரண்டாவதிலிருந்து 2ஐயும் வெளியே எடுத்தால், முன்பு பெருக்கிய 6 நீங்கி (2ய + 3)(3ய − 5) எஞ்சும். இவ்வாறு நீக்கல் எப்போதும் நிகழும் என்பது கவுசின் துணைத் தேற்றத்தின் விளைவு. முதற்கெழுவால் பெருக்கி மாறியை மாற்றும் இவ்வுத்தி, சமன்பாட்டை 4கவால் பெருக்கி (2கய + ச)² = ச² − 4கத என நிறைவு செய்யும் ஸ்ரீதரரின் வழிக்கு நெருங்கிய உறவுடையது. ஸ்ரீதரரின் அவ்விதியைப் பாஸ்கரர் தம் நூலில் எடுத்தாண்டுள்ளார்.

முதற்கெழு மறைந்த □ய² + 5ய + 6 போன்றவற்றைத் தனியே விரித்துரைக்க வேண்டியதில்லை. கெழுக்களை வலமிருந்து இடமாகப் படித்தால் மாறிலி மறைந்த நிலையே அது. 1, −1, −4, −6 என இங்கும் விடைகள் முடிவின்றித் தொடரும். −4க்குக் காரணிகள் (2 − ய)(4ய + 3).

குறி மட்டும் மறையும்போது

இதுவரை எண்ணே மறைந்தது. எண் நின்று குறி மட்டும் அழிந்தால் என் செய்வது? ய² + 5ய □ 6 என்பதில் கட்டத்தில் + வருமா, − வருமா?

ய² + 5ய + 6 = (ய + 2)(ய + 3)
ய² + 5ய − 6 = (ய + 6)(ய − 1)

இரண்டும் காரணிப்படுகின்றன. காரணிப்படும் என்னும் குறிப்பு இங்கு முற்றிலும் பயனற்றுப் போகிறது. மாணவர் அவசரத்தில் குறியை மாற்றி எழுதி, மாற்றிய கோவைக்குச் சரியாகவே காரணி கண்டு, தம் பிழையை அறியாது செல்வது இத்தகைய கோவைகளில்தான். ய² + 7ய + 12 என்பதில் இவ்விடர் இல்லை; 12இன் முன் − இட்டால் தன்மைக்காட்டி 49 + 48 = 97 ஆகும். அது வர்க்க எண்ணன்று.

இவ்விரட்டை இயல்புடைய கோவைகள் எவை? ச² − 4த, ச² + 4த ஆகிய இரண்டும் வர்க்க எண்களாதல் வேண்டும். அதாவது ச² நடுவில் நிற்க மூன்று வர்க்க எண்கள் கூட்டுத்தொடரில் அமைய வேண்டும். 5, 6 என்பவற்றுக்கு அவை 1, 25, 49. அவற்றை ட², ச², ண² எனக் கொள்வோம். ட, ச, ண மூன்றும் ஒன்றாக ஒற்றையாகவோ ஒன்றாக இரட்டையாகவோ இருக்கும். எனவே (ண + ட)/2, (ண − ட)/2 ஆகியவை முழு எண்கள். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் (ண² + ட²)/2, அதாவது ச² வரும். இவற்றைப் பெருக்கினால் (ண² − ட²)/4, அதாவது 2த வரும். ஆகவே இவ்விரண்டையும் செங்கோணத்தை அடுத்த பக்கங்களாகக் கொண்ட முக்கோணத்தின் கர்ணம் ச. அதன் பரப்பு த. 5, 6 என்பவற்றுக்கு அது 3, 4, 5 பக்கங்களையுடைய, யாவரும் அறிந்த முக்கோணமே. அதன் பரப்பு 6.

மறுதலையும் மெய். முழு எண் பக்கங்களையுடைய எந்தச் செங்கோண முக்கோணத்தை எடுத்து, கர்ணத்தை நடுக்கெழுவாகவும் பரப்பை மாறிலியாகவும் இட்டாலும், குறி எதுவாயினும் கோவை காரணிப்படும். 5, 12, 13 முக்கோணத்தின் பரப்பு 30:

ய² + 13ய + 30 = (ய + 3)(ய + 10)
ய² + 13ய − 30 = (ய + 15)(ய − 2)

8, 15, 17 முக்கோணம் ய² + 17ய ± 60 என்பதைத் தரும்; காரணிகள் 5, 12 என்பவற்றாலும் 20, −3 என்பவற்றாலும் ஆவன. இவ்வெண்களுக்கும் முக்கோணத்தில் இடமுண்டு. கழித்தல் குறி பெற்ற கோவையில் வரும் பெரிய எண் முக்கோணச் சுற்றளவின் பாதி. சிறிய எண், முக்கோணத்தின் உள்வட்ட ஆரம். 5, 12, 13க்கு அவை 15, 2. கூட்டல் குறி பெற்றதில் வருபவை அரைச்சுற்றளவிலிருந்து இரு பக்கங்களைக் கழித்துப் பெறும் எச்சங்கள்: 15 − 12 = 3, 15 − 5 = 10.

கூட்டுத்தொடரில் நிற்கும் மூன்று வர்க்கங்களைப் பற்றிப் பைசா நகரத்து லியொனார்டோ, பிபொனாச்சி என அறியப்படுபவர், 1225இல் ‘வர்க்கங்களின் நூல்’ என ஒரு தனி நூலே எழுதினார். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையைச் சார்ந்த பலெர்மோ யோவான் விடுத்த வினா ஒன்று அதற்குத் தூண்டுகோல்: 5ஐக் கூட்டினாலும் கழித்தாலும் வர்க்கமாகவே நிற்கும் வர்க்கம் எது? லியொனார்டோ கண்ட விடை 41/12இன் வர்க்கம். 5ஐக் கழிக்க 31/12இன் வர்க்கமும், கூட்ட 49/12இன் வர்க்கமும் வரும். நம் சிக்கலின் மொழியில் இது, மாறிலி 5ஆக இருக்கும்போது நடுக்கெழு 41/6 ஆனால் குறி எதுவாயினும் கோவை விகிதமுறு எண்களில் காரணிப்படும் என்பதற்கு ஒப்பாகும். பின்னம் நீங்க 6ஆல் பெருக்கினால்,

6ய² + 41ய + 30 = (ய + 6)(6ய + 5)
6ய² + 41ய − 30 = (2ய + 15)(3ய − 2)

என வகுப்பறைக்குரிய வடிவிலேயே அது வந்து நிற்கும்.

மாறிலி 1ஆயின் இத்தகைய நடுக்கெழு உண்டா? பின்னங்களை அனுமதித்தாலும் இல்லை. முழு எண் பக்கங்களையுடைய செங்கோண முக்கோணத்தின் பரப்பு வர்க்க எண்ணாகாது என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பெர்மா நிறுவினார். டயோபாண்டசு நூலின் தம் படியில் ஓரக்குறிப்பாக அவர் எழுதிய நிறுவல் எஞ்சியுள்ளது. எனவே மாறிலி 1, 4, 9, 16 என வர்க்க எண்ணாக இருக்குமானால், காரணிப்படும் என்னும் குறிப்பு அழிந்த குறியை ஐயத்துக்கிடமின்றி மீட்டுத் தரும். ய² + 10ய □ 16 என்பதில் 2, 8 எனப் பிரிவதால் கூட்டல் குறி பொருந்தும். கழித்தல் குறி ஒருபோதும் பொருந்தாது. அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டியதில்லை.

வினா அமைப்பில் கருதத்தக்கன

எண்களின் களம் எது என்பதை வினா கூறுதல் வேண்டும். ய² + 5ய + 5 முழு எண்களில் காரணிப்படாது; √5ஐ ஏற்றால் காரணிப்படும். மெய்யெண்களை ஏற்றால் ய² + □ய + 12 என்பதற்கு ஆறு விடைகள் என்பதும் பொய்த்து, √48க்குக் குறையாத எண் அனைத்தும், அவற்றின் குறை எண்களும் விடைகளாகிவிடும். ‘காரணிப்படுத்த இயலாது’ என்று மாணவர் எழுதும் தொடர், எதனுள் இயலாது என்பதைச் சொல்லாதவரை அரைத் தொடரே.

நடு உறுப்பை மறைக்கும் வினாவில் ‘எல்லா விடைகளையும் காண்க’ என்று கேட்பதே நேர்மையானது. மதிப்பீட்டுக்கும் அது எளிது, வகுத்திகளை எண்ணி விடைகளின் தொகையைச் சரிபார்க்கலாம். மாறிலியை மறைப்பதாயின் காரணி ஒன்றையோ முழு வர்க்க நிபந்தனையையோ சேர்த்தல் வேண்டும். சேர்க்க விரும்பாதவர், ‘ஒரு விடை தருக’ என்று கேட்டு, மாணவர் தரும் எதையும் பெருக்கிப் பார்த்தே மதிப்பிட வேண்டும். அப்படிக் கேட்கும் வகுப்பில் ஒருவர் 6 என்றும் ஒருவர் −14 என்றும் ஒருவர் −2250 என்றும் எழுதக்கூடும். மூன்றாமவர் 50, −45 ஆகிய இரண்டையும் மனத்தில் கொண்டு எழுதியிருப்பார்.